தம்பி, இந்த லப்டொப் எத்தினை வருசம் ஓடும்?

சிறுபோக நெல் வெட்டி முடிந்த கையோடு, விசுவமடுவில் இருந்து ஓர் அம்மா என் திருத்தும் கடைக்கு வந்தார். கையில் ஒரு புடவைக்கடைப் பை. அதற்குள் துவாயில் சுற்றிய லப்டொப். மகளுக்குக் கம்பஸ் கிடைத்திருக்கிறது, அறிவியல் நகரில் படிக்கப் போகிறாள், இது அண்ணன்காரன் மூன்று வருடம் பாவித்தது, இப்போது அரை மணித்தியாலத்தில் சூடாகி நின்றுவிடுகிறது என்றார். பிறகு மேசைக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. இது இன்னும் எத்தினை வருசம் ஓடும்? பிள்ளைக்கு நாலு வருசப் படிப்பு. ஓடாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. நெல்லுக் காசு கையில இருக்கேக்க புதுசா ஒண்டு எடுத்திடுவம்."

கிளிநொச்சியில் இந்தக் கேள்வியை நான் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை கேட்கிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. அதற்குப் பிறகு லப்டொப் வாங்குவது என்பது ஒரு குடும்பம் கூடி இருந்து எடுக்கிற முடிவாகிவிட்டது. சிலர் நகையை அடகு வைக்கிறார்கள், சிலர் மாட்டை விற்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு வாயில் வந்த ஓர் இலக்கத்தைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை.

இலக்கம் இல்லாமல் இல்லை. வீட்டுப் பாவனைக்கென்று விற்கும் சாதாரண லப்டொப் நாலு, ஐந்து வருடம் தொல்லை தராமல் ஓட வேண்டும். கந்தோர்களுக்கென்று உறுதியாகச் செய்த வகைகள், உதாரணத்துக்கு லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லட்டிடியூட், எச்பியின் எலைட்புக் போன்றவை, ஏழு எட்டு வருடம் போகும். இடையில் பற்றரி மாற்றிக் கவனமாகப் பார்த்தால் பத்து வருடத்தையும் தொடும். மிக மலிவாக வருகிற, 4 ஜிபி ராமும் (வேலை நடக்கும்போது பாவிக்கிற தற்காலிக நினைவகம்) 64 ஜிபி சேமிப்பும் மட்டும் உள்ள சின்ன லப்டொப்புகள் மூன்று வருடத்திலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். சிறிய திருத்தம்கூட இல்லாமல் எவ்வளவு காலம், திருத்தித் திருத்தி எவ்வளவு காலம் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால்தான் இந்த இலக்கங்களுக்குப் பொருள் வரும்.

வன்னியில் தோட்டம் செய்கிற ஒருவரிடம் போய், "தண்ணி இறைக்கிற மிசின் எத்தனை வருடம் ஓடும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு வருடக் கணக்குச் சொல்லமாட்டார். பிளக் எப்போது மாற்ற வேண்டும், ரிங் எப்போது தேயும், வாஷர் எத்தனை தரம் போகும் என்று சொல்வார். மிசின் என்பது ஒரு பொருள் அல்ல, பல பாகங்களின் கூட்டு என்பது அவருக்குத் தெரியும். போர் நடந்தபோது, பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளின் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட மண் இது. ஒரு சாமான் நின்றுவிட்டால் எந்தப் பாகம் போனது என்று முதலில் தேடுவதுதான் இங்கத்தைப் பழக்கம். லப்டொப் என்று வந்ததும் மட்டும் ஏனோ அந்தப் பழக்கத்தை மறந்து, "பழுதாப் போச்சு" என்று முழுதாகக் கைவிட்டுவிடுகிறோம்.

என் மேசைக்கு "செத்துப்போச்சு" என்று வருகிற லப்டொப்புகளில் பெரும்பாலானவை சாகவில்லை. அவற்றில் ஏதோ ஒரு பாகம் தன் ஆயுளை முடித்திருக்கும், மற்றவை நன்றாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு ஆயுள், அதைக் குறைப்பது எது என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் களைப்பது பற்றரி

லப்டொப்பில் இருப்பது லித்தியம் அயன் பற்றரி. இதன் ஆயுளைச் 'சுற்று' என்ற கணக்கில் சொல்வார்கள். சுற்று என்றால் எத்தனை தரம் வயரைச் செருகினோம் என்பதல்ல. நூறு வீதச் சார்ஜ் முழுவதையும் செலவழித்தால் அது ஒரு சுற்று. இன்றைக்கு 100இல் இருந்து 50க்கு இறக்கி மறுபடி ஏற்றினீர்கள், நாளைக்கும் அப்படியே செய்தீர்கள் என்றால், இரண்டு நாளும் சேர்ந்துதான் ஒரு சுற்று. சாதாரண லப்டொப் பற்றரிகள் 300 முதல் 500 சுற்று வரை தாங்கும். அதற்குப் பிறகு உடனே செத்துவிடாது, புதிதில் பிடித்த சார்ஜில் ஏறக்குறைய 80 வீதத்தைத்தான் பிடிக்கும். அங்கிருந்து இறக்கம் வேகமாக இருக்கும். ஆப்பிளின் மக்புக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கம்பனி 1000 சுற்று என்று சொல்கிறது.

நாளுக்கு ஒரு சுற்று முடிக்கிற பிள்ளைக்கு 500 சுற்று என்பது ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட. மேசையிலேயே வயரோடு வைத்து வேலை செய்கிறவருக்குச் சுற்று அதிகம் ஓடாது. ஆனால் அவருடைய பற்றரியும் களைக்கும். பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் லித்தியம் பற்றரிக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதை விரைவாக ஏற்றுவது இரண்டு: வெப்பம், எப்போதும் நூறு வீதத்தில் நிறைந்து நிற்பது. இரண்டும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம்.

இங்கேதான் வன்னிக்கென்று ஒரு கணக்கு வருகிறது. பல கம்பனிகளின் கையேட்டைப் பிரித்துப் பார்த்தால், லப்டொப்பைப் பாவிக்க உகந்த அறை வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் வரை என்று போட்டிருக்கும். சித்திரை வைகாசியில், தகரம் அல்லது சீற் போட்ட வீட்டுக்குள் மத்தியானம் 35 பாகை என்பது ஒன்றும் புதுமை இல்லை. குளிர்நாட்டில் 20 பாகை அறைக்குள் இருக்கிற லப்டொப்புக்கும் இங்கே தகரத்துக்குக் கீழே இருக்கிற லப்டொப்புக்கும் 15 பாகை வித்தியாசம். இணையத்தில் வாசிக்கிற "பற்றரி மூன்று நாலு வருடம் ஓடும்" என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் அந்த 20 பாகை அறைக்கு எழுதியவை. இங்கே ஒரு வருடத்தைக் கழித்துத்தான் நினைக்க வேண்டும்.

அதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குக் காசும் தேவையில்லை. இப்போது வருகிற லப்டொப்புகளில் அநேகமானவற்றில் சார்ஜை 80 வீதத்தோடு நிறுத்துகிற அமைப்பு இருக்கிறது. லெனோவோ, அசுஸ், டெல், எச்பி எல்லாம் தங்கள் தங்கள் செயலிக்குள்ளோ, லப்டொப்பைப் போட்டதும் விண்டோஸுக்கு முதல் ஓடுகிற பயோஸுக்குள்ளோ அதை வைத்திருக்கிறார்கள். மேசையில் வயரோடு வைத்துப் பாவிக்கிறவர்கள் அதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். பயணம் போகிற அன்றைக்கு மட்டும் நூறுக்கு ஏற்றினால் போதும். மாதக்கணக்கில் பாவிக்காமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முழுதாக இறக்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்தால் பற்றரி எழும்பாமலே போகலாம்.

உங்கள் பற்றரி எவ்வளவு களைத்திருக்கிறது என்று பார்க்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. பற்றரி அறிக்கை ஒன்றை எடுக்கலாம். எந்தத் திருத்துநரிடம் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவார், காசு கேட்கக் கூடாத வேலை அது. அந்த அறிக்கையில் இரண்டு இலக்கங்களைத்தான் பார்க்க வேண்டும்: செய்யும்போது வைத்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறுகிற கொள்ளளவு. முதலாவது 41,000, இரண்டாவது 24,600 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை முதலாவதால் பிரித்தால் 60 வீதம். புதிதில் ஐந்து மணித்தியாலம் நின்ற லப்டொப் இப்போது மூன்று மணித்தியாலம் நிற்கும் என்று அர்த்தம். 50 வீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். கரண்ட் ஒழுங்காக இருக்கிற இடத்தில், வயரோடு மட்டும் பாவிப்பவருக்கு அதுகூட அவசரம் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது பற்றரி நல்லாக இருந்த பிள்ளைகள்தான் படித்தார்கள், அது வேறு விடயம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். லப்டொப்பின் அடிப்பக்கம் மேசையில் சரியாகக் குந்தாமல் ஆடுகிறதா, கீபோட்டின் நடுப்பகுதி மேலே உந்திக்கொண்டு நிற்கிறதா, மௌஸ் தடவுகிற சதுரம் அழுத்துப்படவில்லையா? பற்றரி ஊதியிருக்கிறது. உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு சார்ஜ் போடாதீர்கள், அமத்திப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். நிறுத்திக் கழற்றக் கொடுங்கள். கழற்றியதை வளவுக்குள் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவே கூடாது. நாங்கள் பின்னேரத்தில் குப்பை கூட்டிக் கொளுத்துகிற ஆட்கள் என்பதால்தான் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன். லித்தியம் பற்றரி நெருப்பில் வெடிக்கும், அதன் புகை நஞ்சு. சின்னப் பிள்ளைகள் சுற்றி நிற்கிற இடம் அது.

சோளகமும் செம்மண்ணும்

அந்த அம்மாவின் லப்டொப்பைத் திருப்பிப் போட்டு, கீழ்மூடியின் பத்து ஸ்குரூவையும் கழற்றினேன். விசிறி சுழலுகிற இடத்துக்கும் காற்று வெளியேறுகிற செப்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு பட்டி இருந்தது. கிரவல் ரோட்டுத் தூசியும் தலைமயிரும் துணிநாரும் சேர்ந்து, சாம்பலும் சிவப்பும் கலந்த நிறத்தில், கம்பளித் துண்டு மாதிரி. சாமணத்தால் ஒரு முனையைப் பிடித்து இழுக்க முழுப் பட்டியும் ஒன்றாகக் கழன்று வந்தது. என் சுட்டுவிரல் நீளம், தீப்பெட்டி மட்டை அளவு தடிப்பு. அதை ஒரு கடதாசியில் வைத்து அம்மாவிடம் காட்டினேன். "இதுவே உள்ளுக்குக் கிடந்தது?" என்று கேட்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

விசிறியின் வேலை, உள்ளே இருக்கிற சூட்டைக் காற்றாக வெளியே தள்ளுவது. காற்றுப் போகிற வழியைத் தூசி அடைத்துவிட்டால் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பலன் இல்லை. லப்டொப்பின் மூளையான புரொசசர் 100 பாகைக்குக் கிட்ட வந்ததும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். நாங்கள் அதை "லப்டொப் ஸ்லோ" என்கிறோம். அதற்கும் சூடு அடங்காவிட்டால் தானாகவே நின்றுவிடும். நாங்கள் அதைப் "பழுது" என்கிறோம். இரண்டும் பழுது அல்ல, மூச்சடைப்பு.

வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று புரட்டாதி வரை வன்னி முழுக்கப் புழுதியைக் கிளப்பும். அந்த ஐந்து மாதத்தில் முற்றத்துப் பக்கம் யன்னலைத் திறந்து வைத்து, அதற்கு நேரே லப்டொப்பை வைத்தால் அது தூசியைக் குடித்துக்கொண்டே இருக்கும். யன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் மேசையைப் போடுங்கள். பாவித்து முடிந்ததும் மூடி, ஒரு துணியால் போர்த்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு தரம், சோளகம் அடங்கிய பிறகு, உள்ளே திறந்து துப்புரவாக்கக் கொடுங்கள். புரொசசருக்கும் செப்புக் குழாய்க்கும் இடையில் பூசுகிற பசை ஒன்று உண்டு. சூட்டைக் கடத்துவதற்கு. மூன்று நாலு வருடத்தில் அது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிரும். துப்புரவாக்கும்போது அதையும் புதிதாகப் பூசச் சொல்லுங்கள்.

கட்டிலில் மெத்தைக்கு மேலே, தலையணைக்கு மேலே வைத்துப் படம் பார்ப்பதுதான் லப்டொப்புக்கு நாங்கள் செய்கிற பெரிய கொடுமை. அநேகமான லப்டொப்புகள் காற்றை அடிப்பக்கத்தால்தான் உறிஞ்சும். மெத்தை அந்த ஓட்டைகளை அடைத்துவிடும். வேறு இடம் இல்லையென்றால் கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள். மேசையில் வைப்பவர்களும் பின்பக்கத்துக்கு இரண்டு போத்தல் மூடி வைத்து உயர்த்தினால் காற்றோட்டம் நல்லாக இருக்கும்.

மின்சாதனங்களில் வேலை செய்பவர்கள் கைக்கணக்கு ஒன்று வைத்திருப்பார்கள். எல்லாப் பாகங்களையும் இணைக்கிற மதர்போட்டில் இருக்கிற சிலவகைக் கொள்ளளவிகளுக்கு (கெப்பாசிற்றர்), வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பத்துப் பாகை என்பது ஒரு பலகைத் துண்டும் ஒரு தரம் துப்புரவும் தருகிற வித்தியாசம்தான்.

எறும்பையும் சொல்ல வேண்டும். மழை தொடங்கியதும் சிற்றெறும்பு சூடான உலர்ந்த இடம் தேடி லப்டொப்புக்குள் குடியேறும். பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு கீபோட்டில் வேலை செய்கிற வீடுகளில் கட்டாயம் வரும். முட்டையோடு குடியிருந்த ஒரு கூட்டத்தை நான் கீபோட்டுக்குக் கீழே கண்டிருக்கிறேன்.

தரவு இருக்கிற இடம்

சேமிப்புப் பாகம் இரண்டு வகை. பழைய லப்டொப்புகளில் ஹாட் டிஸ்க் இருக்கும். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்குப் பொதுவாக 5400 தரம் சுழல, அதற்கு மேலே மயிரிழையை விடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் ஒரு சின்னத் தலை பறந்து பறந்து வாசிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது குலுங்கினால் தலை தட்டில் உரசும். திரையை மூடிவிட்டு, நிற்பாட்டாமல், பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் உள்ரோட்டால் போகிறவர்களின் ஹாட் டிஸ்க் மூன்று வருடம் தாண்டினால் அதிர்ஷ்டம். கவனமாக வைத்தால் ஐந்தும் போகும், அதற்கு மேலும் போகும்.

எஸ்.எஸ்.டி. வேறு வகை. சுழலுகிற பாகம் எதுவும் இல்லை. எழுத எழுதத்தான் தேயும். 500 ஜிபி கொள்ளும் நல்ல எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 300 டெராபைட் (ஒரு டெராபைட் 1000 ஜிபி) எழுதும் வரை உத்தரவாதம் கொடுப்பார்கள். நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் அதை முடிக்க 40 வருடம் வேண்டும். அதனால் தேய்ந்து போகிறதே என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஹாட் டிஸ்க் சாகும் முன் பல நேரம் டக் டக்கென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. போனால் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நாளில் போகும். பரீட்சைக்கு முதல் கிழமை, செய்முறைத் திட்டம் முழுவதையும் இழந்து என் மேசைக்கு முன்னால் நின்று அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். லப்டொப்புக்கு ஆயுள் எத்தனை என்றாலும், முக்கியமான கோப்புகள் இன்னோர் இடத்தில், ஒரு பென்டிரைவிலாவது, இருக்க வேண்டும்.

இன்னமும் ஹாட் டிஸ்க்கோடு இழுபடுகிற லப்டொப் வைத்திருக்கிறீர்களா? புதிது வாங்க நினைக்கும் முன், ஓர் எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். நாலைந்து நிமிடம் எடுத்துத் திறந்தது அரை நிமிடத்தில் திறக்கும். ராமை 4இல் இருந்து 8 ஜிபி ஆக்கவும் இடம் இருந்தால் இரண்டு மூன்று வருடம் கூடுதலாகக் கிடைக்கும். செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இதைவிட நல்ல திருத்தம் எனக்குத் தெரியாது. ஆனால் புதிய மெல்லிய லப்டொப்புகள் சிலவற்றில் ராமை மதர்போட்டோடு ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே கேளுங்கள்.

பிணைச்சல், துளை, இடி

திரையையும் அடிப்பாகத்தையும் இணைக்கிற பிணைச்சல் இரும்பு. அது பூட்டியிருக்கிற இடமோ பிளாஸ்ரிக். ஒரு மூலையில் பிடித்துத் திரையைத் தூக்கினால் அந்தப் பக்கப் பிணைச்சல் முழுப் பாரத்தையும் தாங்கும். நாளடைவில் பிளாஸ்ரிக் வெடித்து, திரை வயரையும் அறுக்கும். நடுவில் பிடித்துத் திறவுங்கள். மூடி இறுகத் தொடங்கினால் உடனே காட்டுங்கள், இரண்டு நட்டைக் கொஞ்சம் தளர்த்துவதோடு முடிகிற வேலை.

சார்ஜர் செருகுகிற துளையும் அப்படித்தான். செருகியபடி வயரில் கால் தடக்கி இழுபடுவதால் போகிறது. பழைய சார்ஜர் போனால் வோல்ட் பார்த்து வாங்குங்கள். பழையதில் 19.5 வோல்ட், 65 வாட் என்று எழுதியிருந்தால் புதிதிலும் அதே வோல்ட் இருக்க வேண்டும், வாட் அதே அளவு அல்லது கூட இருக்கலாம். பெயர் இல்லாத மலிவுச் சார்ஜர் ஒன்று மதர்போட்டையே எரித்துவிடலாம்.

கரண்ட் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அருகில் அரிசி ஆலை மோட்டர் எழும்பும்போது பல்ப் மங்கி எரிவதைக் கண்டு கேட்பார்கள். அநேகமான லப்டொப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், இடையில் பற்றரியும் இருக்கிறது, ஆகவே குறைந்த வோல்ட் அதைப் பெரிதாகப் பாதிக்காது. பயப்பட வேண்டியது கூடின வோல்ட்டுக்கும் இடிக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் மேற்கே கறுத்தால் சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிற்பாட்டுவது போதாது. கரண்ட் போய்த் திரும்பி வருகிற அந்தக் கணத்திலும் ஒரு துள்ளல் வரும். கரண்ட் போனதும் கழற்றி, வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுகிற பழக்கம் நல்லது.

உடம்பு நல்லா இருந்தும் வயது போவது

எல்லாப் பாகமும் நல்லாக இருக்கிற லப்டொப்புக்கும் ஒரு முடிவு வரும், அது மென்பொருளால் வருவது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. முடிந்தது என்றால் லப்டொப் நின்றுவிடும் என்பதல்ல. வழமையாக வருகிற பாதுகாப்புத் திருத்தங்கள் இனி இல்லை என்பது. இணைய வங்கி பாவிக்கிறவருக்கு அது சின்ன விடயம் அல்ல.

விண்டோஸ் 11 எல்லா லப்டொப்பிலும் ஏறாது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைப் புரொசசர் அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிப்பது இலகு. ஐ5 8250 என்று இருந்தால் முதல் இலக்கம் 8, எட்டாம் தலைமுறை. ஐ5 7200 என்றால் ஏழாம் தலைமுறை, ஏறாது. ஐ5 1135 என்று இருந்தால் ஒன்றாம் தலைமுறை என்று நினைத்துவிடாதீர்கள். 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அது பதினோராம் தலைமுறை.

ஏறாத லப்டொப்பை எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசம், பத்து வருடம் பழைய லப்டொப்பிலும் ஓடும், பாதுகாப்புத் திருத்தமும் வரும், தமிழில் தட்டச்சும் செய்யலாம். லிப்ரே ஒபிஸில் கடிதம், கணக்கு, பாடக் குறிப்பு எல்லாம் எழுதலாம். இணைய வகுப்புக்கும் போதும். பாடத்துக்கென்று விண்டோஸ் செயலி ஏதாவது கட்டாயம் தேவைப்படுகிற பிள்ளைக்கு மட்டும் இது சரிவராது.

வெளிநாட்டில் இருந்து வருவது

எங்கள் பக்கத்தில் பல வீடுகளின் முதல் லப்டொப் கனடா மாமாவோ சுவிஸ் சித்தியோ பாவித்துவிட்டு அனுப்பியது. நல்ல சாமான்கள்தான், குளிர்நாட்டில் இருந்ததால் உள்ளே தூசியும் குறைவு. வாங்க முன், அல்லது அனுப்பச் சொல்ல முன், மூன்றைக் கேளுங்கள். புரொசசர் எந்தத் தலைமுறை? பற்றரி அறிக்கை எத்தனை வீதம்? வேலைத்தலத்தில் கொடுத்த லப்டொப் என்றால் பயோஸ் கடவுச்சொல் நீக்கப்பட்டிருக்கிறதா? அந்தப் பூட்டோடு வந்து சேர்ந்தால் இங்கே யாராலும் எளிதில் திறக்க முடியாது. பிரான்சில் இருந்து வருவதில் கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். சுவிஸ், ஜேர்மனியில் இருந்து வருவதில் ஒய்யும் இஸட்டும் இடம் மாறியிருக்கும். அதைப் பார்த்து விட்டுவிட வேண்டாம். விண்டோஸில் மொழியை மாற்றி, எழுத்துக்கு மேலே ஸ்டிக்கர் ஒட்டினால் சரி.

எப்போது கைவிடுவது? நான் பார்க்கிற கணக்கு இது: அதே வயது, அதே வகை லப்டொப் ஒன்று பாவித்த விலையில் என்ன வரும் என்று விசாரிப்பேன். திருத்தச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பற்றரி, எஸ்.எஸ்.டி., விசிறி, கீபோட், பிணைச்சல் எல்லாம் பெரும்பாலும் பாதிக்குக் கீழேதான் வரும். மதர்போட்டும் திரையும் ஒன்றாகப் போனால் தாண்டும். அப்படிக் கைவிட்டாலும் ராமையும் எஸ்.எஸ்.டியையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு லப்டொப் உயிர்க்கும்.

அந்த அம்மாவின் லப்டொப்பை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்தாம் தலைமுறைப் புரொசசர், விண்டோஸ் 11 ஓடுகிறது. எஸ்.எஸ்.டி. சுகமாக இருக்கிறது. இடப்பக்கப் பிணைச்சலில் ஒரு நட்டு இறுகியிருந்தது, தளர்த்தினேன். பற்றரி 61 வீதம். தூசியை எடுத்துப் பசை பூசி, ஒரு மணித்தியாலம் படம் ஓட விட்டேன். நிற்கவில்லை, கைவைத்துப் பார்க்க இளஞ்சூடு.

"நாலு வருசமும் ஓடும் அம்மா. இடையில ஒருக்காப் பற்றரி மாத்த வேண்டி வரும். நெல்லுக் காசில அதுக்கு மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கோ."

"அப்ப புதுசு வேண்டாமோ?"

"இப்ப வேண்டாம்."

அவர் லப்டொப்பை வாங்கி மறுபடி துவாயில் சுற்றினார். பைக்குள் வைக்கும்போது நிறுத்தி, "இந்தத் துவாயால சுத்துறது பிழையோ தம்பி?" என்று கேட்டார். கொண்டுபோகும்போது சுற்றலாம், மகள் பாவிக்கும்போது அதற்குக் கீழே விரிக்க மட்டும் கூடாது என்றேன். கடதாசியில் கிடந்த அந்தத் தூசிப் பட்டியையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், மகளுக்குக் காட்ட வேண்டுமாம்.